கல்யாணத்துக்கு உரித்த கால்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அக்கா என் முகத்தை எத்தனை தடவை பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. என் காலை மூன்று தடவை பார்த்தார். தேத்தண்ணியை நீட்டியபோது ஒரு தடவை, குனிந்து கும்பிட்டபோது ஒரு தடவை, நான் திரும்பி உள்ளே போகையில் குதிகாலை ஒரு தடவை. கடைசித் தடவை பார்த்துவிட்டு அவர் மூக்கைச் சுருக்கியதை நாங்கள் இருந்த ஒற்றைக் காம்பரா அறையின் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் நான் பார்த்துவிட்டேன்.

"புள்ள நல்லாத்தான் இருக்கு," என்றார் அம்மாவிடம். "காலுதான் ஒரு மாதிரியா இருக்கு. கால் வெரல்ல மிஞ்சி போடுறப்ப ஊரு சனத்துக்கு முன்னால என் தம்பி அந்தக் கால கையில புடிக்கணுமே. அதுக்குள்ள எதையாச்சும் பண்ணி சரியாக்கிருங்க."

"சரிங்க, ஆக்கிருவோம்ங்க," என்றாள் அம்மா, கால் என்பது வெள்ளையடிக்க வேண்டிய சுவர் என்பதுபோல.

எனக்கு வந்ததே ஆத்திரம்! எல்கடுவ மலையில் எட்டு வருசமாகக் கொழுந்து பறிக்கிறேன். அந்தச் சரிவில் செருப்புப் போட்டால் சறுக்கும்; அதனால் வெறுங்கால்தான். கூடை நிறைந்தால் அந்தப் பாரத்தோடு இறங்குவதும் அதே காலில்தான். கல், முள், வெட்டிய தேயிலைக் கட்டை எல்லாம் குத்திக் குத்திப் பாதம் தடித்துப்போனது. குதிகாலில் வெடிப்பு, வெடிப்புக்குள் எத்தனை கழுவினாலும் போகாத கறுப்பு. அந்தத் தடிப்பு இல்லையென்றால் மலையில் ஒரு நாள் நிற்க முடியாது. மாப்பிள்ளையின் அக்கா ஊதி ஊதிக் குடித்த தேத்தண்ணி எந்தக் காலில் இறங்கி வந்தது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெண் பார்க்கும் நாளில் பெண் வாயைத் திறந்தால் அதற்கும் ஒரு குறை சொல்வார்கள்.

மாப்பிள்ளை அன்று தலையை நிமிர்த்தவே இல்லை. உக்குவளையில் வீடு, மேசன் வேலை, தாய் தகப்பன் இல்லை, அக்காதான் வளர்த்து ஆளாக்கியவர். அந்த வீட்டில் அக்கா சொன்னால் சொன்னதுதான் என்று தரகர் முன்பே சொல்லியிருந்தார். எனக்கு இருபத்தாறு முடிந்திருந்தது. அதற்கு முன் வந்த இரண்டு இடமும் வந்த வழியே போய்விட்டன. இந்த இடமும் தப்பினால் இனி யாரும் இந்த மலை ஏறி வரமாட்டார்கள் என்று அம்மா பயந்தாள். ஒளிப்பானேன், நானும் பயந்தேன். ஒட்டி ஒட்டிக் கட்டிய லயத்துக் காம்பராவை விட்டு வெளியே போய் ஒரு வீட்டில் இருக்க எனக்கும் ஆசை இருந்தது. ஆசை இருந்ததால்தான் அத்தனை கோபமும் வந்தது.

தண்ணி பாயும் பீலிக்கரைக் கல்லில் காலைத் தேய்த்தேன். தேங்காயெண்ணெய் தடவினேன். மஞ்சளை அரைத்துப் பூசினேன். வெடிப்புக்குள் மஞ்சள் போய் முன்னைவிட அசிங்கமாகத் தெரிந்தது. அப்போதுதான் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த சித்தி அங்கிருந்து போன் எடுத்தாள். அம்மா விசயத்தைச் சொன்னாள்.

"அட, இதுக்கா கவலைப்படுறீங்க? எங்க மேடம் ஒண்ணு போடுவாங்க. பிளாஸ்டிக் காலுறை மாதிரி இருக்கும், உள்ளுக்குத் தண்ணி மருந்து. கால உட்டு வச்சா பழைய தோல் எல்லாம் பாம்புச் சட்டை மாதிரி கழண்டு வந்துரும். அடுத்த வாரம் இங்கிருந்து ஒரு பொம்பள மாத்தளைக்கு வருது. ரெண்டு சோடி குடுத்து விடுறேன். ஒண்ணு புள்ளைக்கு, ஒண்ணு ஒனக்கு."

அந்தப் பார்சலை வாங்க ஞாயிற்றுக்கிழமை நானே மாத்தளை டவுனுக்குப் போனேன். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். சண்டை நடந்த அந்த வருசங்களில் அது வழக்கம்தான். எல்லாரும் இறங்கி, கையில் அடையாள அட்டையோடும் பையோடும் வரிசையில் நடக்க வேண்டும். அட்டையில் என் பெயரையும் தோட்டத்து விலாசத்தையும் பார்த்ததும் பையை மேசையில் கொட்டச் சொன்னார்கள்.

இரண்டு பைக்கட் விழுந்தது. தொட்டால் உள்ளே தண்ணீர் ஆடுகிறது. மேலே யாருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்து. சீனமோ ஜப்பானோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

"மொகக்த மே?" என்றான் சோதித்தவன். இது என்ன என்று கேட்டால் நான் எதைச் சொல்ல? காலுக்குப் போடுவது என்று சிங்களத்தில் சொன்னேன். கால் தோல் உரிவதற்கு என்றேன். அவன் என் காலைப் பார்த்தான். பக்கத்தில் நின்றவனும் பார்த்தான். இருவரும் சிரித்தார்கள். அந்த மாதம் என் காலைப் பார்க்காதவர் யாருமே இல்லை போலிருக்கிறது.

சிரித்ததோடு விட்டானா? வெளி உறையைக் கத்தியால் கீறி உள்ளே இருந்த மடித்த தாளை எடுத்தான். அதில் படம் போட்டு விளக்கியிருந்தது. ஒரு பை, ஒரு கால், ஒரு கடிகாரம், அம்புக்குறிகள், இலக்கங்கள். கடிகாரத்தைப் பார்த்ததும் குண்டு என்று நினைத்தார்களோ என்னவோ, சிரிப்பு நின்றுவிட்டது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஒருவன் உள்ளே போனான். பஸ் முழுவதும் எனக்காக வெயிலில் நின்றது. என்னோடு ஏறிய சனமே என்னிடமிருந்து இரண்டடி தள்ளி நின்றது. அரை மணி நேரத்துக்கு மேல் போனபிறகு யாரோ ஒரு பெரிய ஐயா வந்து பைக்கட்டை மோந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். தாள் திரும்பி வரவில்லை. "ஐயா, அந்தப் பேப்பர்..." என்றேன். "பஸ்ஸில் ஏறு," என்றார்கள். எப்படிப் போடுவது, எத்தனை நாள் பொறுப்பது என்பதெல்லாம் அந்தத் தாளில்தான் இருந்தது. எழுத்து புரியாவிட்டாலும் படம் புரிந்திருக்கும். ஒரு குதிகாலின் படத்துக்குக் கூடப் பயந்த காலம் அது.

அன்று பின்னேரம் சித்திக்கு மிஸ்ட் கோல் கொடுத்தோம். அவள் திருப்பி எடுத்தாள். "ஒரு மணித்தியாலம் வச்சிட்டு கழுவிரு. இழுக்காத, தானா உரியும்," என்றாள். அதற்குள் அவள் கார்டு முடிந்து போன் வெட்டுப்பட்டது.

ஒரு மணித்தியாலம் வைத்தேன். காலில் இரண்டு பிளாஸ்டிக் உறையைக் கட்டிக்கொண்டு காம்பராவில் கட்டிலில் நீட்டி உட்கார்ந்திருந்தேன். குளுகுளுவென்று இருந்தது. கழுவினேன். ஒன்றும் நடக்கவில்லை.

திங்கள் பார்த்தேன், ஒன்றுமில்லை. செவ்வாய் பார்த்தேன், ஒன்றுமில்லை. புதனும் அப்படியே. பாம்புச் சட்டையாம்! ஒரு பல்லி வால் அளவுக்குக்கூட உரியவில்லை. சித்திக்குப் போலிச் சாமானை விற்றுவிட்டார்கள் என்று திட்டினேன். பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. புதன் பின்னேரம் அம்மாவுக்கென்று வந்த இரண்டாவது சோடியையும் எடுத்தேன்.

"எனக்கு வேணாம், நீயே போட்டுக்கம்மா. எனக்கா கல்யாணம்?" என்றாள் அம்மா.

ஒரு மணித்தியாலம் போதாது, தோட்டத்துக் காலுக்கு அது எந்த மூலைக்கு என்று நானே முடிவு கட்டினேன். மூன்று மணித்தியாலம் வைத்திருந்தேன். உறை கட்டிய காலோடேயே சோறு வடித்தேன், கறி தாளித்தேன். வெடிப்பு இரண்டு இடத்தில் சிவந்து திறந்திருந்தது. அதற்குள் மருந்து போனபோது சுருக்கென்றது. சுருக்கென்றால் வேலை செய்கிறது என்று நினைத்தேன், முட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் விரல் இடுக்கில் வெள்ளையாய்த் தோல் எழும்பியிருந்தது. எனக்குச் சந்தோசம். கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவு கேட்டிருந்தேன். அதுவரை ஒரு நாளும் நிற்கக்கூடாது என்று கங்காணி சொல்லியிருந்தார். வழக்கம்போல வேலைக்குக் கிளம்பினேன். வழக்கம்போல என்றால், கிளம்புமுன் காலுக்கு அட்டை மருந்து பூசுவது. எங்கள் மலையில் மழை பெய்தால் புல்லுக்குப் புல் ரத்தம் குடிக்க அட்டை நிற்கும். அதனால் துணி தோய்க்கும் சவர்க்காரத்தைக் குழைத்து, உப்பும் புளிக்கிற தேசிக்காய்ச் சாறும் விட்டு, புகையிலை ஊறிய தண்ணியையும் கலந்து, முழங்காலிலிருந்து விரல் இடுக்கு வரை அழுத்தித் தேய்ப்போம். எட்டு வருசமாகத் தினமும் செய்தது. பல் விளக்குவது மாதிரி, கை தன்பாட்டில் செய்தது.

தேய்த்து முடிக்கவில்லை. ஐயோ! அடுப்புத் தணலில் காலை வைத்தால் அப்படி இருக்குமோ என்னவோ. அலறிய அலறலில் பக்கத்துக் காம்பராச் சனமெல்லாம் ஓடி வந்தது. பீலிக்கரைக்கு ஓடி, பாயும் தண்ணியில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தண்ணியோடு தோல் போனது. பழைய தோல் மட்டுமா, அதற்கடியில் இருந்ததும் சேர்ந்து போனது. குதிகாலும் உள்ளங்காலின் நடுவும் உரித்த கிழங்கு மாதிரிச் சிவந்து கிடந்தன.

தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்த மருந்துக்காரர் ஐயா வயதானவர், வாய் பெரியது. கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா, அது அசிட்டு. மெதுவா வேல செய்யுற அசிட்டு. இன்னைக்குப் போட்டா நாலஞ்சு நாள் கழிச்சுத்தான் உரிய ஆரம்பிக்கும், முடிய ரெண்டு வாரம் ஆகும். ஒன்ன யாரு ரெண்டாந் தடவ போடச் சொன்னா? வெடிப்புல ரத்தம் தெரியுறப்ப போடலாமா? அதுமேல உப்பும் தேசிக்காயும் வேறயா!"

"ரெண்டாவது அம்மாவுக்கு வந்ததுங்க," என்றேன்.

அவர் கட்டுப் போடுவதை நிறுத்தினார். அம்மாவுக்குச் சீனி வியாதி. மாதா மாதம் கிளினிக்கில் மருந்து எடுக்கிறவள். "அந்தம்மா காலுல போட்டிருந்தா?" என்றார். "காலுல புண்ணு வந்தா அவங்களுக்கு ஆறாது. கால எடுக்குற வரைக்கும் போயிரும், தெரியுமா?"

என் அவசரப் புத்தியை ஒரே ஒரு தடவை நான் கும்பிட்டது அன்றைக்குத்தான்.

இப்போது இந்தச் சாமான் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. கடையில் எந்தப் பிள்ளையாவது அதைக் கையில் எடுத்துவிட்டால் என் வாய் சும்மா இருக்காது. புண், கீறல், ரத்தம் கசியும் வெடிப்பு இருந்தால் தொடாதே. சீனி வியாதிக்காரருக்கும் பிள்ளை உண்டானவளுக்கும் டொக்டரைக் கேட்காமல் வாங்கிக் கொடுக்காதே. முதலில் கொஞ்சம் மருந்தைத் தொட்டுக் காலில் ஓர் ஓரத்தில் வைத்து ஒரு நாள் பொறுத்துப் பார். பிறகு சுடுதண்ணியில் காலை ஊறவைத்துத் துடைத்துவிட்டுப் போடு. பைக்கட்டில் சொன்ன நேரத்துக்கு மேல் ஒரு நிமிசமும் வேண்டாம். எரிந்தால் அந்த நேரமும் வேண்டாம், உடனே கழுவு. கழுவியபின் நாலஞ்சு நாள் ஒன்றும் தெரியாது, அது ஏமாற்று இல்லை. உரிய ஆரம்பித்தால் பிய்க்காதே, தினமும் ஊறவைத்தால் தானாகப் போகும். காலுறை போட்டு நட, வெயில் படாமல் பார்த்துக்கொள். தேசிக்காய், உப்பு என்று எதையும் கிட்டக் கொண்டுபோகாதே. கல்யாணம் என்றால் ஒரு மாதத்துக்கு முன்னாலேயே செய்து முடி. இவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு ஓர் ஆள் இருந்ததா? இருந்த ஒரு தாளையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

காலில் கட்டோடு நான் படுத்த செய்தி மலை இறங்கி உக்குவளைக்குப் போக இரண்டு நாள் எடுத்தது. போன வழியில் அது வேறு செய்தியாகிவிட்டது. பெண்ணுக்குக் காலில் ஏதோ தோல் வியாதியாம், சதை உதிருதாம், தோட்டத்தில் மறைத்துக் கட்டிக் கொடுக்கப் பார்க்கிறார்களாம்! திங்கட்கிழமை மாப்பிள்ளையின் அக்கா வந்து இறங்கினார். அன்றைக்கு உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்காரவில்லை. வாசலிலேயே நின்றார்.

"எங்களுக்கு ஒளிவு மறைவு வேணாம். காலுல என்னான்னு சொல்லிருங்க. வியாதின்னா இப்பவே நிப்பாட்டிக்குவோம்."

அம்மா அழ ஆரம்பித்தாள். எனக்கு மூக்குக்கு மேல் வந்துவிட்டது. கட்டோடு சுவரைப் பிடித்து எழும்பி நின்றேன்.

"நீங்க சொல்லித்தானேங்க கால சரியாக்கப் போனேன்? நீங்க சொல்லாம இருந்தா என் காலு என்பாட்டுல இருந்திருக்கும். இப்ப நீங்களே வந்து வியாதியான்னு கேக்குறீங்க!"

"நான் கழுவித் தேய்க்கச் சொன்னேன். கால உரிக்கவா சொன்னேன்?" என்றார் அவர். அதற்கும் எனக்குப் பதில் இருந்தது. அம்மா என் கையைப் பிடித்து அழுத்தியதால் விழுங்கிக்கொண்டேன்.

கடைசியில் அவர் கேட்டது ஒரு கடுதாசி. மருந்துக்காரர் ஐயாவிடம் வியாதி இல்லை என்று எழுதி வாங்கித் தர வேண்டும். தந்தால் கல்யாணம் வெள்ளிக்கிழமை நடக்கும். மாடு வாங்குகிறவர்கள்கூட வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பதோடு விடுகிறார்கள். நான் மாட்டேன் என்றேன். அம்மாவே செருப்பை மாட்டிக்கொண்டு டிஸ்பென்சரிக்குக் கிளம்பினாள். அவள் ரோட்டு ஏற்றத்தில் தனியாக ஏறுவதைப் பார்த்தபிறகு நான் என்ன செய்ய? வாடகைக்கு ஓடிய கொந்தரப்பு லொறி ஒன்றில் ஏறி நானும் போனேன். ஐயா பெரிய எழுத்தில் எழுதி, முத்திரை குத்தி, "இது வியாதி இல்ல, அவசரம்னும் சேத்து எழுதவா?" என்றார். நான் சிரிக்கவில்லை.

அடுத்த மூன்று நாளும் எனக்குள் ஒரே கேள்விதான். அக்கா கேட்டார் சரி, அந்த மனுசன்? கட்டிக்கொள்ளப் போகிறவனுக்கு ஒரு வாய் இல்லையா? வந்து என்ன ஏது என்று கேட்க ஒரு கால் இல்லையா? கடுதாசியை வாசித்துவிட்டுத்தான் தாலியைத் தொடுவானா? கல்யாணப் புடவையை மடித்து வைக்கும்போதும் அவனைத் திட்டினேன்.

வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கல்யாணம். கட்டு எடுத்தாகிவிட்டது. பாதத்தில் புதுத் தோல் மெல்லிசாகப் படர்ந்திருந்தது. குதிகாலில் இன்னும் ரோசா நிறம். ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாய்த் தொங்கியது. மணவறைக்கு நடந்த இருபதடியில் ஒவ்வொரு மணலையும் எண்ணலாம் போலிருந்தது. மாப்பிள்ளை தாலி கட்டினார். மேளம் கொட்டியது. பிறகு அம்மி மிதிக்க அழைத்தார்கள். வலது காலைத் தூக்கி அம்மியில் வைத்தேன். சனமெல்லாம் எட்டிப் பார்த்தது.

அவர் குனிந்தார். என் காலைத் தொடப் போன கையை இழுத்துக்கொண்டார். தோளிலிருந்த சால்வையை எடுத்து, கையில் சுற்ற ஆரம்பித்தார்.

தாலி ஏறிவிட்டது, இனித் திரும்பிப் போகவும் வழியில்லை. இந்த ஆள் என் காலைத் துணி சுற்றித் தொடப் போகிறான். இதே கையால் நாளைக்கு எனக்கு ஒரு தட்டு தருவானா? நான் குடித்த கோப்பையைக் குடும்பத்தோடு ஒதுக்கி வைப்பார்களா? காலை அம்மியிலிருந்து இழுத்துவிட்டேன். மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

"துணிய எடுங்க," என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "வியாதி இல்லன்னு முத்திரை குத்தி கடுதாசி குடுத்தாச்சு. வெறுங்கையால புடிக்க முடிஞ்சா புடிங்க. இல்லாட்டி மிஞ்சிய இங்க குடுங்க, நானே போட்டுக்குறேன்."

பூசாரி, "நேரம் போகுது, நேரம் போகுது," என்று கையை ஆட்டினார். அம்மா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அவர் குந்தியபடியே நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"என்னா கடுதாசி?" என்றார்.

நான் அவருடைய அக்காவைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அக்கா குத்துவிளக்குத் திரியைத் தூண்டுவதில் மும்முரமாகிவிட்டார்.

"எனக்கு அது தெரியாது," என்றார் மாப்பிள்ளை, எனக்கு மட்டும் கேட்கும்படி. "காலுல தோல் போயிருச்சு, புதுத்தோலு வருதுன்னு சொன்னாங்க. இது சிமெந்துக் கை. புடிச்சா கீறிரும். அதான் துணி." சுற்றிய சால்வையை விலக்கி உள்ளங்கையைக் காட்டினார். சுண்ணாம்பு அரித்து வெடித்த கை. என் பழைய குதிகாலை விட மோசமாக இருந்தது.

அட பாவி மனுசா, இதை முந்தியே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கக்கூடாதா! அந்தக் கோபம் இன்றைக்கும் எனக்குத் தீரவில்லை. அன்றைக்குத் திட்ட நேரமில்லை. காலைத் தூக்கித் திரும்ப அம்மியில் வைத்தேன்.

"துணி வேணாம்," என்றேன்.

சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு பிடித்தார். சொரசொரவென்றுதான் இருந்தது. வலித்தது. நான் சொல்லவில்லை. மிஞ்சி ஏறியதும் அவர் கேட்குமுன் அடுத்த காலையும் நானே எடுத்து வைத்தேன்.